அப்பா அடித்த முதல் கடல்நாய்

அப்பா முதல் கடல்நாயை அடித்துவிட்டார் என்று தங்கை ரகீலி தொலைபேசியில் கத்தியபோது, தப்பீசா டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு கையை நீட்டிச் சாய்ந்திருந்தாள். அப்பாவுக்கு வயது பதினொன்று.

அவர்களைப் பெற்ற அப்பா கூனிலுசி இறந்த அடுத்த குளிர்காலத்தில் ரகீலிக்குப் பிறந்த பையன் அவன். செத்தவர் பெயர் பிள்ளைக்கு வரும். பெயர் வந்தால் உறவும் கூடவே வந்துவிடும். அதனால் பெற்ற ரகீலியே அவனை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவனும் பேச்சு வந்த நாளிலிருந்து ஐம்பது வயது தாண்டிய தப்பீசாவை 'மகளே' என்றுதான் அழைத்தான். வடகோடியில், பனிக்கடலோரம் இருக்கும் அவர்கள் ஊரில் யாரும் இதற்குச் சிரிக்க மாட்டார்கள்.

"மாமாகூட கடல்பனி முடியற விளிம்புக்குப் போயிருந்தாரு அக்கா. ஒரே குண்டு! கொழுப்பு பாரு, என் கை தடிமன்!"

"அப்பாகிட்ட குடு."

மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது.

"மகளே, தலையிலேயே பட்டுச்சு. நான் அழுதேன்னு மாமா சொல்வாரு. பொய். காத்து அடிச்சுது."

"உங்களுக்கு எப்பவும் காத்துல கண்ணு கலங்கும் அப்பா. போன தடவையும் அப்படித்தான் இருந்தீங்க."

"போன தடவையுமா?" பையனுக்குத் திருப்தியாக இருந்தது. "முழுசும் உனக்குத்தான் வருது. எல்லாரையும் கூப்பிடு. நிறைய பேரு வரணும்."

"கூப்பிடறேன்."

"ரொம்பக் கத்தணும்."

"கத்தறோம் அப்பா."

நர்ஸ் மர்லீன் குழாயைச் சரிபார்த்துக்கொண்டே, "யாரு? உங்க மூஞ்சி இப்படி இருந்து நான் பாத்ததே இல்லையே" என்றாள்.

"எங்கப்பா."

"அப்பா போய்ட்டார்னு சொன்னீங்க?"

"போனாரு. இப்ப பதினோரு வயசு."

மர்லீன் ஹைத்திக்காரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க ஊர்லயும் செத்தவங்க கனவுல வருவாங்க. போன் பண்ணதில்ல" என்றாள்.

பையன் பிறந்த அன்று, பாங் என்று ஊரார் சுருக்கிச் சொல்கிற பாங்னிர்துங்கில் பனிப்புயல். விமானம் இறங்கவில்லை. பிரசவத்துக்கு வெளியூர் போக வேண்டிய ரகீலி, ஊர் மருத்துவ நிலையத்துக் கட்டிலிலேயே பெற்றாள். தொப்புள்கொடியை அறுத்தது தப்பீசாவின் கை. கொடி அறுத்தவளுக்குத்தான் பையனின் முதல் வேட்டை. அவள் ஆட்களைக் கூட்டி, தரையில் அட்டை விரித்து, நடுவில் இறைச்சியைப் போட வேண்டும். வந்தவர்கள் முண்டியடித்து அள்ளி, கூச்சல் போட்டு, என்ன ருசி, என்ன கொழுப்பு என்று புகழ்ந்து தின்ன வேண்டும். அடித்தவன் மட்டும் வாயில் வைக்கக் கூடாது. அன்றைக்குக் கூட்டம் எவ்வளவு கத்துகிறதோ அவ்வளவுக்குக் கொடுக்கிற கை உள்ளவனாக வளர்வான் என்பார்கள். கொடி அறுத்தவள் தனியே வைத்துத் தின்றால் பையன் கஞ்சனாகிவிடுவான். கஞ்சன் முன்னால் எந்த விலங்கும் தலை தூக்காது.

பாங்கில் இது ஒரு வேலையே இல்லை. ஊர் ரேடியோவில் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் தப்பீசா இருந்தது தெற்கே, தலைநகர் ஒட்டாவாவில்.

சிறுநீரகம் இரண்டும் போன பிறகு அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. வடக்கே இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் கிடையாது. உயிர் வேண்டுமென்றால் இங்கே, வாரம் மூன்று நாள் இந்த நாற்காலியில். வானியே பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் அவளுக்கு வீடு கிடைத்தது. இரண்டாவது குளிர்காலம் நடந்துகொண்டிருந்தது. இயந்திரத்துக்குப் போகாத நாட்களில் அவள் பேசுகிற ஒரே வார்த்தை சில சமயம் கடையில் சொல்கிற 'தேங்க்யூ' மட்டும்தான்.

சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டின் சூப், பாக்கெட் நூடுல்ஸ், பன்றி சாசேஜ், கோலா. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்து, சட்டியிலிருந்தே தின்பாள். ஒவ்வொரு இரத்தப் பரிசோதனைக்குப் பிறகும் உணவு ஆலோசகர் பெண் வந்து நாற்காலி பக்கத்தில் உட்காருவாள். திட்டுகிறவள் இல்லை, நல்ல பெண். அன்றைக்கும் வந்தாள்.

"உப்பும் பாஸ்பரஸும் மறுபடி ஏறியிருக்கு தப்பீசா. டின்னை விடுங்கன்னு சொன்னேனே."

"ஊர்லேருந்து கடல்நாய் வருது. சாப்பிடலாமா?"

"உப்புப் போடாம, அளவா சாப்பிடுங்க. அந்த சூப்பைவிட எவ்வளவோ நல்லது. அடிக்கடி வருமா?"

"விமானம் பறந்தா வரும்."

விமானம் லேசில் பறக்கவில்லை. பாங்கில் காற்று, பிறகு விமானம் மாறுகிற இகாலுவிட்டில் மூடுபனி. ரகீலி தினமும் கூப்பிட்டு, "இன்னும் அங்கதான் கிடக்கு அக்கா. கவலப்படாத, குளிர்ல கல்லு மாதிரி இருக்கும்" என்றாள். கடைசியில் பெட்டி வந்து சேர்ந்தது. விமானச் சரக்குக் கொட்டகைக்கு டாக்சியில் போய் எடுத்துவந்தாள். டாக்சிக்காரர் சோமாலியாக்காரர், மின்தூக்கி வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியின் ஓரத்தில் உறைந்திருந்த இரத்தத்தைப் பார்த்து, "அம்மா, இதுல மனுஷன் யாரும் இல்லையே?" என்று கேட்டார். கடல்நாய் என்று சொன்னதும், "எங்க அம்மா ஒட்டக இறைச்சி அனுப்ப முடிஞ்சா நானும் இப்படித்தான் தூக்கிட்டுப் போவேன்" என்று பெருமூச்சு விட்டார். சனிக்கிழமை சாப்பிட வாங்களேன் என்றாள். சனிக்கிழமைதான் ஓட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பெரியம்மா மகள் லூசாவைக் கூப்பிட்டாள். லூசா அரசு அலுவலகத்தில் வேலை, நகரத்தின் அந்தக் கோடியில் வீடு. பிள்ளைகளோடு வருகிறேன் என்றாள். அடுத்த நாற்காலியில் இரத்தம் சுத்தம் செய்துகொள்ளும் கிழவர் அடாமியைக் கூப்பிட்டாள். "மூணு பல்லு மிச்சம் இருக்கு. மூணையும் கொண்டாரேன்" என்றார். நகரத்தில் இருக்கும் வடக்கத்திக்காரர்களுக்கென்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் உண்டு. அதிலும் எழுதிப் போட்டாள். இதயங்கள் வந்து குவிந்தன. எங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் எச்சில் ஊறுகிறது என்று எழுதினார்கள்.

மான்ட்ரியல் ரோட்டில் இருக்கிறவர்களை மட்டும் அவள் கூப்பிடவில்லை.

அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பேருந்து நிழற்குடையிலும் காப்பிக் கடை வாசலிலும் எப்போதும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். வைத்தியத்துக்கு வந்து திரும்பாதவர்கள், வேலை தேடி வந்தவர்கள், யாரையோ நம்பி வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி ஊலீப்பிகா. பாங்கில் தப்பீசாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

தப்பீசா வந்த புதிதில் அவள்தான் தேடிக்கொண்டு வந்தாள். எந்தப் பேருந்து எங்கே போகும், எந்தக் கடையில் உறைந்த மீன் கிடைக்கும் என்பதெல்லாம் அவள் காட்டிக்கொடுத்ததுதான். சோபாவில் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் போலப் பேசிக் காட்டி வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள். பிறகு ஒரு நாள் குடித்த இரண்டு ஆண்களோடு வந்தாள். சண்டை, உடைந்த கண்ணாடி, பக்கத்து வீட்டுக்காரர்களின் புகார். இன்னொரு முறை நடந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கட்டடக் காவலாளி சொல்லிவிட்டான். வீடு போனால் இயந்திரத்துக்கு எங்கிருந்து போவது? அடுத்த முறை ஊலீப்பிகா வந்து தட்டியபோது தப்பீசா கதவுக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றாள்.

"தப்பீசா, உன் மூச்சு எனக்குக் கேக்குதுடி" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, காலடிச் சத்தம் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த நிழற்குடை தெரியும் இடம் வந்தாலே தப்பீசா தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாக நடப்பாள்.

சனிக்கிழமை காலையில் உறைமழை பிடித்துக்கொண்டது. விழுகிற ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும் மழை. பேருந்துகள் நின்றுவிட்டன. லூசா கூப்பிட்டாள்.

"காரு கதவையே திறக்க முடியல தப்பீசா. பசங்க அழறாங்க. எனக்குக் கொஞ்சம் எடுத்து வையேன்."

எடுத்து வைக்கிற இறைச்சி இல்லை இது என்று சொல்ல வாயெடுத்தாள். "சரி, பத்திரமா இரு" என்று சொன்னாள். அடாமியின் மகள், அப்பா படியில் வழுக்கிவிட்டார், அடி ஒன்றும் இல்லை, ஆனால் வெளியே விடமாட்டேன் என்றாள். இதயம் போட்டவர்களில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனாலும் அவள் அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சமையலறைத் தரையில் விரித்தாள். இறைச்சியை நடுவில் வைத்தாள். விலா, தோள், ஈரல், வெள்ளைக் கொழுப்புப் பாளம், தலை. பிறை வடிவ உலுக் கத்தியைத் தீட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்தாள். யாராவது ஒருவர் நடந்தாவது வருவார் என்று நினைத்தாள். ஜன்னலில் மழை கீறிக்கொண்டே இருந்தது. இறைச்சியின் விளிம்பு மெல்லக் கறுத்து, அட்டையில் ஈரம் பரவத் தொடங்கியது. ஒரு துண்டை வெட்டி வாயருகே கொண்டு போனாள். மணம் மூக்கில் ஏறியது. திரும்ப அட்டையிலேயே வைத்துவிட்டாள்.

அப்போது கைபேசி அடித்தது. திரையில் பையனின் முகம். அவனுக்குப் பின்னால் ரகீலியின் வீடு, அடுப்பு, யாரோ சீட்டு விளையாடுகிற சத்தம்.

"மகளே! சாப்பிடறீங்களா?"

"இப்பத்தான் அப்பா... வந்துட்டே இருக்காங்க."

பையன் காதைத் திரையிடம் கொண்டுவந்தான்.

"சத்தமே இல்லையே."

அந்தக் குரலிடம் இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"யாரும் வரல அப்பா. மழை. தெருவெல்லாம் பனிக்கட்டியாயிடுச்சு."

பையன் முகம் திரையை விட்டு விலகியது. கூரை தெரிந்தது. பிறகு ரகீலி எடுத்தாள்.

"ஏன்க்கா, அவ்வளவு பெரிய ஊரு. யார் யாரைக் கூப்பிட்ட?"

தப்பீசா சொன்னாள்.

"பேர் சொல்லியா கூப்பிட்ட? இங்க ரேடியோவுல பேர் சொல்லியா கூப்பிடறோம்? வர்றவங்க வருவாங்க." பிறகு, "ஊலீப்பிகா அங்கதானே இருக்கா? அவ அம்மா போற வர்ற எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கு. நீ பாப்பியா அவள?"

"பாக்கறதில்ல" என்றாள் தப்பீசா.

அது பொய்யும் இல்லை. அவள் பார்க்காமல்தான் போய்க்கொண்டிருந்தாள்.

இறைச்சியை மறுபடி உறைபெட்டியில் வைத்தாள். அன்றைக்கு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. கம்பி, மரம், வேலி எல்லாம் பனிக்கட்டி உடுத்து மின்னின. தெருவில் ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். தப்பீசா இறைச்சியைப் பெரிய பைகள் இரண்டில் போட்டு, தலையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு, அட்டையையும் உலுவையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதத்தை முழுசாகப் பதித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடந்தாள். பனிக்கட்டி அவளை ஒன்றும் செய்யவில்லை. பையின் கனம்தான் மூச்சை வாங்கியது. ஊசி குத்திக் குத்தித் தடித்த கையில் பாரம் தூக்கக் கூடாது. இரண்டு பைகளையும் மற்றக் கையிலேயே தூக்கிக்கொண்டு, நாலு இடத்தில் நின்று, மான்ட்ரியல் ரோட்டுக்கு வந்தாள்.

நிழற்குடையில் ஊலீப்பிகாவும் இரண்டு ஆண்களும் இருந்தார்கள். ஊலீப்பிகா தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"அடேய், பாருங்கடா யாரு வர்றதுன்னு! ஏய், வழி தப்பிட்டியா? உன் பக்கம் அந்தப் பக்கம்."

தப்பீசா பைகளைக் கீழே வைத்தாள். பேச மூச்சு இல்லை.

"சர்ச்சுக்காரங்க காலையிலேயே சாண்ட்விச் குடுத்துட்டுப் போயிட்டாங்க. புண்ணியம் தேடணும்னா அடுத்த ஸ்டாப்புக்குப் போ."

"கடல்நாய்" என்றாள் தப்பீசா.

சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"அப்பா அடிச்சது. முதல்."

ஊலீப்பிகாவின் கையில் இருந்த காப்பிக் கோப்பை கீழே இறங்கியது. அவளுடைய அப்பா கடலில் போன பிறகு, அந்த வீட்டுக்கு வாரம் தவறாமல் இறைச்சி கொண்டுவந்து போட்டவர் தப்பீசாவைப் பெற்ற கூனிலுசி. மாமா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"மாமாவா? அடிச்சிட்டாரா? எவ்வளவு வயசாச்சு அவருக்கு?"

"பதினொண்ணு."

"நான் வரும்போது டயப்பர்ல இருந்தாரு" என்றாள். பிறகு பைகளைப் பார்த்தாள். "விருந்து நேத்துல்ல? ஃபேஸ்புக்ல பாத்தேன்னு இந்த ஜூசிப்பி சொன்னான்."

"வீட்டுக்கு வாங்க எல்லாரும். சூடா இருக்கும்."

"உன் வீட்டுக்கா? அந்தக் கதவு எனக்குத் தெரியும். இங்கயே போடு."

அவள் குரலில் கோபம் இல்லை. அது தப்பீசாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நிழற்குடைத் தரையில் அட்டையை விரித்தாள். உறைந்த துண்டுகளை அதில் கவிழ்த்தாள். அந்த இரண்டு ஆண்களில் ஜூசிப்பி என்பவன் வடக்கு கியூபெக்காரன்; பேச்சின் இழுப்பே வேறு. அவன் முழங்காலிட்டு உட்கார்ந்து, எதையும் தொடாமல், கொஞ்ச நேரம் வெறுமனே முகர்ந்துகொண்டிருந்தான். பிறகு எழுந்து, எதிர்ப்புறக் காப்பிக் கடையைப் பார்த்து வாயில் விரல் வைத்து விசிலடித்தான். அங்கிருந்து மூன்று பேர் வழுக்கிக்கொண்டே ஓடிவந்தார்கள்.

தப்பீசா உறைந்த ஈரலைச் சீவிச் சீவிப் போட்டாள். கைகள் வந்து அள்ளின. பல்லில் பனிக்கட்டி நொறுங்குகிற சத்தம். கொழுப்பை நாக்கில் வைத்து ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வயதான பெண் தன் பங்கில் பாதியைத் துணியில் முடிந்தாள். அவளை ஜூசிப்பி, "ஏ கிழவி, இது முடிஞ்சு வைக்கிற இறைச்சி இல்ல. தின்னு" என்று அதட்டினான். அவள் வெட்கத்தோடு அவிழ்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தப்பீசாவும் தின்றாள். தன்னையறியாமலேயே ஒரு துண்டு, இன்னொரு துண்டு. உடம்புக்குள் ஒரு சூடு முதுகுவரை ஏறியது. விரல் நுனி சிவந்தது.

பக்கத்துக் கடையின் காவலாள் ஒருவன் வெளியே வந்தான். சீருடைப் பையன். தரையில் இரத்தக் கறையையும் தப்பீசாவின் கையையும் பார்த்தான்.

"அது கத்தியா? பொது இடத்துல கத்தி வச்சிருக்கக் கூடாது."

எல்லோருடைய தாடையும் நின்றது. போலீஸ், புகார், வீடு என்று வரிசையாக எல்லாம் தப்பீசாவின் மனதில் ஓடியது.

"சமையக்கட்டுக் கத்தி" என்றாள் ஊலீப்பிகா, வாய் நிறைய இறைச்சியோடு. நிழற்குடையைச் சுற்றிக் கை காட்டினாள். "இது சமையக்கட்டு. செருப்பக் கழட்டிட்டு வா."

ஜூசிப்பி அடக்க முடியாமல் சிரித்தான். அந்தச் சீருடைப் பையனின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது. "சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

தப்பீசா கைபேசியில் ரகீலியைக் கூப்பிட்டாள். பையன்தான் எடுத்தான். கைபேசியைக் கூட்டத்தின் நடுவே நீட்டினாள்.

"மாமா!" என்று அலறினாள் ஊலீப்பிகா. "என்ன கொழுப்பு மாமா! எங்க பல்லெல்லாம் ஒட்டிக்கிச்சு!" ஜூசிப்பி தரையில் கையால் அடித்தான். யார் எவர் என்று தெரியாத பையனுக்காக ஆறேழு பேர் மான்ட்ரியல் ரோட்டில் தொண்டை கிழியக் கத்தினார்கள். பேருந்து ஒன்று வந்து நின்று, கதவைத் திறந்து, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

திரையில் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மகளே, யாரு அது ரொம்பக் கத்தறது?"

"ஊலீப்பிகா."

"அவங்க அம்மா நேத்து இங்க வந்தாங்க. மீன் கொண்டாந்தாங்க."

ஊலீப்பிகாவின் சத்தம் நின்றது. அவள் திரையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து, நிழற்குடையின் அந்தக் கோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தாள். காற்றே இல்லை, ஆனாலும் பற்ற நேரமாயிற்று.

எல்லாம் தீர்ந்தது. அட்டையைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். எலும்புகளைத் தப்பீசா பையில் எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"எலும்பைக் கொதிக்க வைக்கிறேன். தலையும் இருக்கு. குடிக்க வா" என்றாள் தப்பீசா.

"பாக்கலாம்."

"அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன்."

"அதான் தெரியுமே."

"வீடு போயிடும்னு பயந்துட்டேன்."

ஊலீப்பிகா புகையை ஊதினாள். "எனக்கு வீடுன்னு ஒண்ணு இருந்து, என்னை மாதிரி ஒருத்தி தட்டினா, நானும் திறந்திருக்க மாட்டேன். போடி. நிக்க முடியாம நிக்கற. போய்ப் படு."

தப்பீசா அன்றே சட்டியை ஏற்றினாள். வீடெல்லாம் ஊர் வாசனை. சாயங்காலம் வரை சிறு தீயில் வைத்திருந்தாள். ஊலீப்பிகா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எலும்பையும் தலையையும் பிரித்துப் பிரித்து உறைபெட்டியில் வைத்தாள்.

அந்த வாரங்கள் அதற்கு முன் இருந்த எல்லா வாரங்களையும்விட அவளுக்கு நீளமாக இருந்தன. முன்பு அவளுக்குத் தனியே தின்று பழகியிருந்தது. இப்போது தொலைக்காட்சிக்கு எதிரே சட்டியோடு உட்கார்ந்தால் கை வாய்க்குப் போகவில்லை. டின் சூப் தகர வாசனை அடித்தது, பாதியைக் கொட்டினாள். ஃபேஸ்புக்கில் இதயம் போட்டவர்கள், எப்படி இருந்தது என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். நன்றாக இருந்தது என்று எல்லோருக்கும் எழுதினாள். தன் பங்கு எங்கே என்று லூசா கேட்டதற்கு, தீர்ந்துவிட்டது என்றாள். லூசாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மான்ட்ரியல் ரோட்டுக்கு அவள் இப்போது நேராகவே போனாள். நிழற்குடையில் ஜூசிப்பி மட்டும் இருந்தான். ஊலீப்பிகா எங்கே என்று கேட்டாள்.

"மான்ட்ரியல் ஊருக்கே போயிருக்கலாம். ஆஸ்பத்திரியா இருக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்றான். "அந்தக் கொழுப்பு இன்னும் இருக்கா?"

"இல்ல."

"இருக்காதுன்னு தெரியும். சும்மா கேட்டேன்."

தெருவோரத்துப் பனி கறுத்து உருகத் தொடங்கிய ஒரு முற்பகலில் ஊலீப்பிகா வந்து நின்றாள். முகம் வற்றியிருந்தது, இமைக்கு மேல் ஒரு தையல். எங்கே போயிருந்தாள் என்று சொல்லவில்லை. தப்பீசாவும் கேட்கவில்லை.

"கொதிக்க வைக்கிறேன்னியே."

"உக்காரு."

ஊலீப்பிகா கோட்டைக் கழற்றாமலேயே சமையலறையில் நின்றுகொண்டு எலும்புச் சாறு குடித்தாள். இரண்டாவது கிண்ணத்துக்கு உட்கார்ந்தாள். மூன்றாவது கிண்ணத்தில் கோட்டைக் கழற்றினாள். கன்னத்து இறைச்சியை விரலால் பிய்த்துத் தின்றுகொண்டே, வாத்தியார் எப்படி 'தப்பீசா, உன் பென்சில் எங்கே' என்பார் என்று சொல்லிக் காட்டினாள். பழைய குரல் வரவில்லை. ஆனாலும் இருவரும் சிரித்தார்கள். அம்மாவுக்குப் போன் போடட்டுமா என்று தப்பீசா கேட்டபோது, "இந்த மூஞ்சியோடயா? தையல் பிரிச்சப்புறம்" என்றாள். பிறகு சோபாவில் சாய்ந்தவள் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனாள்.

தப்பீசா எதிரே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று. இயந்திரத்துக்குப் போகிற நேரம் வந்தது. எழுப்பி வெளியே அனுப்புவதா, விட்டுவிட்டுப் போவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். யாரோடாவது வந்தால்? காவலாளி பார்த்தால்? பிறகு தன் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் கிளம்பிப் போனாள்.

அன்றைக்கு நாற்காலியில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன, அடிக்கடி கடிகாரத்தைப் பாக்கறீங்க?" என்றாள் மர்லீன். "பஸ்ஸு பிடிக்கணுமா?"

"வீட்டுல ஆள் இருக்கு."

"அப்பாவா?"

"இல்ல. கூடப் படிச்சவ."

"அப்ப வலிக்குதான்னு கேக்க மாட்டேன் இன்னிக்கு" என்று சொல்லிவிட்டு மர்லீன் அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது சோபா காலியாக இருந்தது. போர்வை தரையில் கிடந்தது. ஊலீப்பிகாவின் பழைய கையுறை ஒன்று சோபாவின் இடுக்கில் இருந்தது. மற்றொன்றைப் போட்டுக்கொண்டு போயிருப்பாள். அலமாரியில் இருந்த ரொட்டியைக் காணவில்லை. வேறு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அடுப்பில் சட்டி ஒரு தட்டால் மூடியிருந்தது. திறந்து பார்த்தாள். பாதி இருந்தது, அதில் நல்ல பெரிய துண்டு இறைச்சியும் கிடந்தது. பசியோடு வந்தவள் அதைத் தொடாமல் விட்டுப்போயிருந்தாள்.

தப்பீசா சூடாக்கினாள். தொலைக்காட்சியைப் போடவில்லை. இறைச்சியைத் தின்று, ஒரு கிண்ணம் சாறு குடித்தாள். சிறுநீரகம் போனவளுக்கு அதற்கு மேல் குடிக்க அனுமதியில்லை. மீதியை ஆறவிட்டு, டப்பாவில் ஊற்றி, உறைபெட்டியில் முன்வரிசையில் வைத்தாள்.